பியெரோகி: முதலில் தோலைப் பாருங்கள்

போலந்தில், பூரணம் வைத்து மடித்த மாவுப் பண்டமான பியெரோகி விற்கும் கடைக்குள் நுழைந்தால், பெயர்ப் பட்டியலைப் பார்த்தே மலைத்துப்போவோம். இறைச்சி, காளான், பசலைக்கீரை, பழம் என்று நீண்டுகொண்டே போகும். முதல்முறை சாப்பிடுகிறவர் ‘ருஸ்கியே’ கேளுங்கள். அதையும் பொரித்து வாங்காமல், வேகவைத்தே வாங்குங்கள். உருளைக்கிழங்கு, த்வாருக் என்ற பால்கட்டி, வதக்கிய வெங்காயம், உப்பு, மிளகு. பூரணம் அவ்வளவுதான். இத்தனை எளிமையான பண்டத்தில்தான் கைப்பக்குவம் அப்பட்டமாகத் தெரியும்.

பெயரைக் கேட்டு ரஷ்யப் பண்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய மேற்கு உக்ரைனை உள்ளடக்கிய ருத்தேனியா என்ற பழைய நிலப்பகுதியைக் குறிக்கும் பெயர் அது. 2022-ல் போர் மூண்டபின் போலந்துக் கடைகள் பல இதற்கு ‘உக்ரைன் பியெரோகி’ என்றே பெயர் மாற்றின.

சாப்பிட ஏற்ற இடம் ‘பார் ம்லெச்னி’, அதாவது பால் பார். மதுக்கடை அல்ல, அரசு மானியத்தில் மலிவாகச் சாப்பாடு போடும் எளிய உணவகம். கல்லாவில் பணம் கட்டி, சீட்டைச் சமையலறை ஜன்னலில் கொடுத்தால் கொதிநீரிலிருந்து அரித்தெடுத்து அப்படியே தட்டில் போடுவார்கள்.

ஆவி பறக்கும்போதே ஒன்றை முள்கரண்டியின் ஓரத்தால் அழுத்துங்கள். லேசாக எதிர்த்துவிட்டு வழிவிட வேண்டும். ரப்பர்போல இழுத்தால் மாவு சரியில்லை. குழைந்து கிழிந்தால் தண்ணீரில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. கோதுமை மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, துணி மூடி ஊறவைத்து, மெல்லியதாகத் திரட்டி, கண்ணாடி டம்ளரின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். வெந்நீர் விடுவதால்தான் மாவு முறுக்கிக்கொள்ளாமல் மெல்லியதாக விரிகிறது. பூரணம் வைத்து மடித்த விளிம்பை, நாம் சோமாசிக்கு மடிப்பதுபோலக் கொசுவி மூடுவதும் உண்டு. அந்த விளிம்பை ஒதுக்காதீர்கள். இரண்டு அடுக்கு மாவு சேர்ந்த அந்த ஓரத்தில்தான் நல்ல மெல்லும் சுகம் இருக்கிறது. மடிப்பு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருந்தால் கையால் செய்தது என்று மகிழலாம்.

அடுத்து பூரணம். பன்னீருக்குப் பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிகிறோம். த்வாருக்குக்குப் பாலைத் தானாகப் புளிக்கவிட்டு, இளஞ்சூட்டில் வைத்து வடிகட்டுகிறார்கள். அதனால் முதலில் கிழங்கின் மாவுச்சுவை, பிறகு சின்னச் சின்னப் பொருக்குகள், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்பு வரும்வரை மெல்லுங்கள். அவசரமாக விழுங்கினால் வெறும் உருளைக்கிழங்குதான் மிஞ்சும்.

மேலே வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் வரும். பன்றிக்கொழுப்பை முறுகலாக வறுத்த துணுக்குகளும் பல கடைகளில் வரும். வேண்டாதவர்கள் ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் கேஃபிர் என்ற புளித்த பால் பானம் ஒரு டம்ளர் இருக்கட்டும். மோர் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும்.

மீந்ததை மறுநாள் வெண்ணெயில் இருபுறமும் சிவக்க வாட்டிச் சாப்பிடுவது வீட்டுப் பழக்கம். பொரித்த பியெரோகியை அப்போது ருசிக்கலாம்.

டிசம்பர் 24 இரவு, ‘விகிலியா’ என்ற இறைச்சி இல்லாத கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் உலர்ந்த காட்டுக் காளானும் பூரணமாகும். அந்தக் காளானின் மண்வாசனைக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். இதன் குட்டித் தங்கையான ‘உஷ்கா’, குட்டிக் காது வடிவில் பீட்ரூட் ரசத்தில் மிதந்து வரும்.

கோடையில் போனால் ‘யாகொடி’ கேளுங்கள். காட்டில் பறித்த கருநீலப் பழம் உள்ளே, மேலே புளிப்பு க்ரீமும் சர்க்கரையும். சாப்பாடாகவே இதைச் சாப்பிடுவார்கள். முதல் வெட்டிலேயே ஊதாச் சாறு வழிந்து வெள்ளை க்ரீமில் கோடு கோடாகப் படரும். அதைக் கரண்டியால் வழித்து, அடுத்த பியெரோகியின் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.