தெருவுக்கு எத்தனை பெயர்!

‘ஸ்ட்ரீட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. கல் பரப்பிய பாதை என்று பொருள். ரோமானியர் தரையில் எதைப் பதித்தார்கள் என்று அது சொல்கிறது. தமிழில் தெருவுக்கு உள்ள பெயர்களோ அந்தத் தரைமேல் என்ன நடக்கிறது என்று சொல்கின்றன.

மறுகுதல் என்றால் சுழன்று திரிதல். ஜனங்கள் போவதும் வருவதுமாய் இருக்கும் தெருவுக்கு மறுகு என்றே பெயர். கடைத்தெரு ஆவணம். இரண்டு தெருக்களைச் சேர்த்துவைப்பது சந்து. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய குறுகல், நம் தென்பக்கத்து முடுக்கு. ஞெள்ளல் என்றும் ஒரு சொல் உண்டு. தேர் ஓடிக் குழி விழுந்த தெருவைப் புறநானூற்றில் நெட்டிமையார் இப்படித்தான் சொல்கிறார். சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றி உள்ளே மாட வீதி, வெளியே ரத வீதி. ஆடிப்பூரத் தேர் திரும்ப இடம் வேண்டுமே. ரத வீதியின் அகலம் தேர் கேட்டு வாங்கியது. இவ்வூர்ப் பெண் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் முதல் பதிகத்தில் விரதத்துக்காக நுண்மணலால் அழகு பெறுவது ‘தெரு’. இரண்டாம் பதிகத்தில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைக்கும் இடம் ‘வீதி’. மணல் மாறவில்லை, பெயர்தான் மாறுகிறது. விரதத்துக்கும் விளையாட்டுக்கும் அவளுக்கு இடம் வாசல் முன்னால்தான். இரண்டு சொல்லையும் ஒரே உரிமையோடு அவள் எடுத்தாளுவதில்தான் எத்தனை அழகு!

அதே ஊரில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கும் பகுதி மடவார் வளாகம். மடவார் என்றால் பெண்கள். வளாகம் என்றால் சூழ்ந்த இடம். சோழநாட்டுக் கோயில் ஊர்களில் மடவிளாகம் என்பார்கள். கோயிலைச் சுற்றிக் குடியிருப்பதையே பெயராக்கிய சொல் இது. இன்று கல்லூரி வளாகம், நீதிமன்ற வளாகம் என்று நாள்தோறும் எழுதுகிறோம். ஒன்றைச் சூழ்ந்து நிற்கும் அந்தப் பழைய பொருள் அதில் இன்னும் கெடவில்லை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிது புதிதாக நகர்கள் முளைக்கின்றன. பலகையில் முதல் கிராஸ், இரண்டாம் கிராஸ் என்று எழுதுகிறார்கள். குறுகலாக இருந்தால் முடுக்கு, அகலமாக இருந்தால் வீதி, கடைகள் வந்தால் ஆவணம் என்று எழுதலாமே. பெயரைப் படித்ததும் தெரு கண்ணில் விரியும். புதிதாக வருகிறவருக்கு வழியும் புரியும்.