அடங்கல் என்னும் ஊர்க் கணக்கு

கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் இருக்கும் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது அடங்கல். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், பாசன ஆதாரம், இந்தப் போகத்தில் நிற்கும் பயிர் என்று ஓர் ஊரின் மண் முழுவதும் கட்டம் கட்டமாக அதில் அடங்கிவிடுகிறது. நெல் நின்ற வயலில் அடுத்த போகம் உளுந்து விதைத்தால் அதுவும் பதிவாகும். தரிசாகக் கிடந்தாலும் பதிவாகும்.

ஒருகாலத்தில் இந்த எழுத்து வேலை கர்ணம் எனப்பட்ட ஊர்க் கணக்கரின் கையில், தலைமுறை உரிமையாக இருந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. இன்று தேர்வாணையத்தின் தேர்வு எழுதி யார் வீட்டுப் பிள்ளையும் அந்த நாற்காலியில் அமரலாம். தமிழகக் கிராமங்களில் நடந்த மகத்தான மாற்றங்களில் ஒன்றாக இதை மதிக்கிறேன்.

கணக்கின் ஆண்டு பசலி. ஜூலை 1-இல் தொடங்கும். பசலிக் கணக்குகளை ஜமாபந்தி என்னும் ஆண்டுத் தணிக்கையில் மேலதிகாரிகள் சரிபார்ப்பார்கள். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கலே ஆதாரம். இப்போது அது கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் அலுவலர் வரப்பில் நடந்து, பயிரைக் கண்ணால் பார்த்து எழுதினால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. மூழ்கிய வயலுக்கு நிவாரணம் கிடைப்பது அந்த ஒரு வரியின் நேர்மையைப் பொறுத்தது.