பொருளை மாற்றினால் படைப்பு மாறுமா?

தலைவர்களின் பிறந்தநாள் நெருங்கினால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தியை எதிர்பார்க்கலாம்: காய்கறியாலோ நாணயங்களாலோ தேயிலைத் தூளாலோ உருவப்படம் படைத்த ஓவியர். பென்சில் முனையில் சிற்பம், அரச இலையில் முகம், அரிசி மணியில் எழுத்து என்று பட்டியல் நீளும். தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டில் கிடப்பதைக் கையிலெடுக்கும் இந்தப் போக்குக்கு ஒரு நியாயம் உண்டு. கான்வாஸும் வண்ணங்களும் வாங்க வழியில்லாத பிள்ளைக்கும் அது கலைக்குள் இடம் தருகிறது. ஆனால், எதைக் கொண்டு செய்தார், எத்தனை மணி நேரம் ஆனது என்று விசாரிக்கும் நாம், அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. இவ்வகைக் கலையை எடைபோட அந்தக் கேள்விதான் சரியான அளவுகோல். பொருளை மாற்றியும் படைப்பு அப்படியே நிற்குமானால் அங்கே கைத்திறன் இருக்கிறது. கற்பனை இன்னும் தொடங்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்மாவட்டக் கிராமங்கள் நன்கறிந்த திருவிழா முளைப்பாரியையே எடுத்துக்கொள்ளலாம். வைக்கோலும் எருவும் இட்ட பாத்திரத்தில் ஊறவைத்த தானியங்களை விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்துப் பெண்கள் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். ஒளி கிடைக்காததால் முளைகள் பச்சை பிடிக்காமல் வெளிறிய மஞ்சளாக, நெருக்கமாக, வேகமாக உயர்கின்றன. அந்த நிறத்தை யாரும் பூசவில்லை. இருட்டுதான் அதை உண்டாக்குகிறது. வளர்ச்சியைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிப்பதும், ஊர்வலம் முடிந்து நீரில் கரைப்பதும் விதை என்ற பொருளிலிருந்தே பிறக்கின்றன. விதைக்குப் பதில் காகிதத்தை வெட்டி வைத்தால் எதுவுமே மிஞ்சாது. இது சடங்கு, கலையாகாது என்பார்கள். கையெழுத்தும் காட்சிக்கூடமும் இல்லை என்பதற்காக வடிவ உணர்வும் இல்லை என்றாகிவிடாது.

தனிக் கலைஞர்களிடமும் இந்த அளவுகோல் செல்லுபடியாகிறது. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியால் 2014 கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சியில் கிறிஸ்தவ மரபின் உருவங்களைச் சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருட்கள் கலந்த கலவையால் வடித்துக் காட்டினார். வாசனைப் பொருட்களும் சமயமும் ஒரே கடல்வழியில் வந்திறங்கிய கரையில் அந்த உருவங்களின் மணமே வரலாறாகிவிடுகிறது; வெண்கலத்தில் வார்த்திருந்தால் அது கிடைக்காது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உருவாக்கி, 1976இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டமும் அப்படித்தான். உடைந்த வளையல், பீங்கான், மின்சாதனத் துண்டுகள் ஆகியவற்றோடு, புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் சிதிலங்களும் அங்கே மனிதர்களாகவும் விலங்குகளாகவும் எழுந்து நிற்கின்றன. பிரிவினையில் சொந்த ஊரை இழந்தவர் அவர். இழந்த ஊர்களின் மிச்சத்தில் அவர் கட்டிய ஊரைப் பளிங்கில் செய்திருந்தால் அது வெறும் பூங்காவாகியிருக்கும். இதற்கு எதிர்முனையில், போடி ஏலக்காயை ஒட்டி ஒரு தலைவரின் முகம் வரைவதாக வைத்துக்கொள்வோம். ஏலத்தோட்டத்தின் உழைப்போ, மணமோ, விலையோ அந்த முகத்தோடு எந்த உறவும் கொள்ளாவிட்டால், பட்டாணியை ஒட்டியிருந்தாலும் படம் அதேதான்.

கைத்திறனே ரசிக்கத்தக்கது அல்லவா என்று கேட்கலாம். ரசிக்கத்தக்கதுதான். பென்சில் முனையைச் செதுக்கும் கையின் நிதானம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் வியப்பு முதல் பார்வையில் செலவாகிவிடும். அதைத் தக்கவைக்க அடுத்த முறை இன்னும் சிறிதாக, இன்னும் விநோதமாகச் செய்ய வேண்டியிருக்கும். சாதனைச் சான்றிதழை நோக்கிய அந்த ஓட்டத்தில் கலைஞர் ஒரே முகங்களையே திரும்பத் திரும்ப வரைகிறார். ஏழைப் பிள்ளைக்கு இந்த அளவுகோல் கடுமையானது என்பது இன்னொரு மறுப்பு. உண்மையில் இது அவருக்கே சாதகமானது. வாழைமட்டையின் நாரும் குருத்தோலையின் மடிப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்பது நகரத்துக் கலைக்கல்லூரி மாணவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்பெண் தராமல் அச்சு அசலான முகத்துக்குத் தருவதுதான் அவருக்கு நாம் செய்யும் அநீதி.

இந்த அளவுகோலுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பொருளுக்கு அர்த்தம் வேண்டும் என்றதும், எதையாவது குவித்துவிட்டுப் பக்கத்தில் நீண்ட விளக்கக் குறிப்பை மாட்டும் வழக்கம் காட்சிக்கூடங்களில் பெருகியிருக்கிறது. அர்த்தம் குறிப்பில் மட்டும் இருந்து பார்வைக்குத் தட்டுப்படாவிட்டால் அதுவும் தோல்வியே. பிக்காசோ 1942இல் மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். மிதிவண்டியும் தெரிகிறது, காளையும் தெரிகிறது, விளக்கம் தேவைப்படவில்லை. பொருள் தன் பழைய வாழ்க்கையை மறைக்காமல் புது உருவுக்குள் நுழையும்போதுதான் கற்பனை வேலை செய்திருக்கிறது.

ஆகவே பள்ளிப் போட்டி நடுவர்களும் செய்தி எழுதுவோரும் அளவையும் நேரத்தையும் குறிப்பதோடு நிறுத்தாமல், ஏன் இந்தப் பொருள் என்று படைத்தவரிடம் கேட்கப் பழக வேண்டும். பதில் இல்லாதவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவர் அடுத்த படைப்புக்குப் போவார், நம் கைதட்டல் மட்டும் அவரை அங்கே கொண்டுசெல்லாது.