வினையில் விடுபட்ட ஓர் எழுத்து

ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்தும்போது எனது சிவப்புப் பேனை அதிகம் ஓடுவது ஓரிடத்தில்தான். 'ஹீ கோஸ்' என்று வரவேண்டிய இடத்தில் பிள்ளைகள் 'ஹீ கோ' என்று எழுதிவிடுவார்கள். எழுவாய் படர்க்கை ஒருமையாயிருந்து காலம் நிகழ்காலமானால் வினையோடு 'எஸ்' சேரவேண்டும் என்பது ஆசிரியர் கலாசாலையில் எமக்கு ஓதித்தரப்பட்ட விதி.

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் நான்கையும் சுமந்து நிற்கும். ஆங்கிலத்தின் பெரும்பாலான வினைகளுக்கு எஞ்சியிருப்பது இந்த ஒற்றை எழுத்து மட்டுமே. அது விடுபட்டால் பொருள் கெடுவதில்லை; எழுதியவரின் மதிப்புத்தான் கெடுகிறது.

இந்த எண்ணத்தோடிருந்த என்னைத் தடுமாற வைத்தது சாம் செல்வோனின் 'த லோன்லி லண்டனர்ஸ்' (1956) என்ற நாவல். 1923இல் திரினிடாட்டில் பிறந்த செல்வோனின் தந்தை சென்னையிலிருந்து அங்கு போய்க் குடியேறியவர். லண்டனுக்குப் பிழைக்க வந்த மேற்கிந்தியரின் கதை இது. வாட்டர்லூ ரயில் நிலையத்தில் புதியவன் ஒருவனை வரவேற்கப் போகும் மோசஸுடன் நாவல் தொடங்குகிறது. பாத்திரங்கள் மட்டுமல்ல, கதைசொல்லியும் திரினிடாட் பேச்சைத் தழுவிய மொழியிலேயே பேசுகிறான். எனது சிவப்புப் பேனைக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேலையிருந்தது.

ஆனால் செல்வோன் இலக்கணம் அறியாதவரல்லர். அவரது முதல் நாவலான 'எ பிரைட்டர் சன்' (1952) கதைசொல்லலில் பொது ஆங்கிலத்தையும் உரையாடலில் மட்டும் பேச்சுமொழியையும் கொண்டது. லண்டன் நாவலையும் பொது ஆங்கிலத்தில் எழுத முயன்று, அது நகர மறுத்ததாலேயே பேச்சுமொழிக்கு மாறியதாக அவரே கூறியிருக்கிறார்.

மேலும், அந்தப் பேச்சு விதியற்றதுமன்று. திரினிடாட் பேச்சில் உருபேதுமற்ற செயல்வினை பெரும்பாலும் இறந்தகாலத்தைக் குறிக்கும். வழக்கமாக நடப்பதைச் சொல்ல 'டஸ்' என்பதை வினைக்கு முன்னால் வைப்பார்கள். நாம் 'எஸ்' தொலைந்துவிட்டதென்று தேடும் இடத்தில் அவர்கள் வேறொரு ஒழுங்கை வைத்திருக்கிறார்கள்.

எமது சிறுகதைகளுக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. 'உம்மா வந்தா' என்று கதைசொல்லியே எழுதினால் அதைப் பிழையென்று ஒதுக்கும் விமர்சகர்கள் எம்மிடையே உள்ளனர். அது பிழையன்று, எமது வீடுகளின் இலக்கணம். ஆனால் 'பல கதைகள் எழுதப்பட்டது' என்பது வெறும் கவனக்குறைவு. முன்னதைத் திருத்துபவர் எழுத்தாளனின் குரலை நெரிக்கிறார். பின்னதை 'மண்வாசனை' என்று காப்பாற்றுபவர் மொழியைக் கெடுக்கிறார். அந்த வழக்கு ஒரு சமூகத்தின் வாயில் ஒழுங்காக வாழ்கிறதா என்பதே உரைகல்.

சில வருடங்களுக்கு முன் மாணவி ஒருத்தி தனது உம்மம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கதையில் வினைகளை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கதையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதன்பின் அவள் கதை எதுவும் கொண்டுவரவில்லை. பரீட்சைக்கு அந்த 'எஸ்' தேவை. இன்றும் அதைத் திருத்தவே செய்கிறேன். ஆனால் முதலில் கதையை வாசித்து, அதைப் பற்றி இரண்டு வரி எழுதிய பின்னரே சிவப்புப் பேனையைத் திறக்கிறேன்.