யாருடைய காத்திருப்பு குறைந்தது?

நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு நிமிட அனிமேஷனுக்கு 1,440 பிரேம்கள். ஒரு பிரேமை ரெண்டர் செய்யப் பத்து நிமிடம் ஆனால், ஒரே கணினியை நம்பி இருப்பவர் பத்து நாள் காத்திருக்க வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கணக்காக வேகம் கேட்டுவந்தது இதனால்தான். ஆம்ஸ்டர்டாமை மையமாகக் கொண்டு அதை உருவாக்கும் சிறிய குழு இக்கோரிக்கையை எதிர்கொண்ட விதம் பெரிதும் பாராட்டத்தக்கது. ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

வேகம் கேட்பவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பதில்லை. வேலை செய்யும்போதே ஒளியும் நிழலும் கண்ணில் படவேண்டும் என்பவர்களுக்கு, 2019 ஜூலையில் 2.80 பதிப்போடு ஈவீ என்ற ரெண்டரர் வந்தது. கணினி விளையாட்டுகளைப் போல ஒளியைத் தோராயமாக வரைவது அது. அதே ஆண்டு 2.81 பதிப்பில் இன்டெலின் இரைச்சல் நீக்கி சேர்ந்தது. புள்ளிபுள்ளியாகத் தெரியும் படத்தை அது சீராக்கிவிடுவதால், முன்னளவு மாதிரிகளைக் கணக்கிடத் தேவையில்லை. நுண்ணிய விவரங்கள் சில நேரம் மங்குகின்றன என்பது அதன் விலை. முதன்மை ரெண்டரரான சைக்கிள்ஸின் கணக்கீட்டைத் துரிதப்படுத்தாமலேயே இரண்டும் காத்திருப்பைக் குறைத்தன. கேட்டவரின் சொல்லைப் பார்க்காமல் அவருடைய சிரமத்தைப் பார்த்த முடிவுகள் இவை.

அடுத்தது சைக்கிள்ஸையே திருத்தும் வேலை. 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் அதன் கிராபிக்ஸ் கார்டு பகுதி புதிதாக எழுதப்பட்டிருந்தது. நடைமுறைக் காட்சிகளில் 2 முதல் 8 மடங்கு வேகம் என்று பிளெண்டர் அறிவித்தது. ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் மேலே சொன்ன பத்து நாள் இரண்டு நாளாகிறது. தனியாக உட்கார்ந்து குறும்படம் எடுப்பவருக்கு இது, படம் முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கும் வேறுபாடு.

ஆனால் ஏஎம்டி கார்டுகளில் சைக்கிள்ஸை ஓடவைத்த ஓப்பன்சிஎல் தரநிலைக்கான ஆதரவு அதே பதிப்பில் நீக்கப்பட்டது. டிரைவர் பிழைகள், வளர்ச்சி நின்றுபோன தரநிலை, பராமரிப்புச் சுமை என்று சொன்ன காரணங்கள் நியாயமானவை. விரல்விட்டு எண்ணக்கூடிய நிரலாளர்கள் காலத்துக்கும் அதைத் தூக்கிச் சுமக்க முடியாது. எனக்கு உடன்பாடில்லாதது நீக்கிய நேரம்தான். ஏஎம்டி கார்டுகளுக்கான மாற்றான ஹிப், 3.0இல் விண்டோஸில், புதிய தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. லினக்ஸுக்கு அது 2022 ஜூனில் 3.2 பதிப்போடுதான் வந்தது. 2017இல் வெளியான ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டு வைத்திருந்தவர்கள் மீண்டும் சிபியுவுக்கே திரும்பினார்கள். நீண்டகால ஆதரவு கொண்ட 2.93 பதிப்பு அவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் கேட்ட வேகம் அதில் இல்லை.

பிளெண்டரில் ஹிப் ஆதரவை உருவாக்குவதில் ஏஎம்டியின் பொறியாளர்கள் பங்கேற்றார்கள். 2021 அக்டோபரில் பிளெண்டரின் வளர்ச்சி நிதியில் சேர்ந்த ஆப்பிள், தன் கணினிகளின் கிராபிக்ஸ் இடைமுகமான மெட்டலுக்கான ஆதரவுக்கு உழைத்தது; 3.1இல் அது வந்தது. இந்த உதவி இல்லாமல் சிறிய குழுவால் இவ்வளவு செய்திருக்க முடியாது. ஆயினும் எந்த வன்பொருள் எப்போது வேகம் பெறும் என்பதில் அதை விற்பவரின் ஆள்பலத்துக்குப் பெரும் பங்கு வந்துவிடுகிறது. விற்று முடிந்த பழைய கார்டுக்காக நிரல் எழுத எந்த நிறுவனமும் ஆள் அனுப்பாது. மாற்று எல்லா இயங்குதளங்களிலும் ஓடிய பிறகே பழையதை நீக்குவோம் என்று குழு காத்திருந்தால், லினக்ஸ் பயனர்களுக்கு அந்த ஆறு மாத இடைவெளி நேர்ந்திருக்காது. ஆர்எக்ஸ் 580 வைத்திருந்தவரை அதுவும் காப்பாற்றியிருக்காது.