பியென்ஸா: சாபமும் விரிசலும்

ஒரு சொல்லை மாற்றினாலும் குலைந்துவிடும் உருவம் என்று கவிதையைப் பற்றிச் சொல்லி வருகிறோம். இத்தாலியில், டஸ்கனிப் பகுதியிலுள்ள பியென்ஸா, இந்த நம்பிக்கையைக் கல்லில் பரீட்சித்த ஊர்.

1405இல் கோர்ஸின்யானோ கிராமத்தில் பிறந்த ஏனியா ஸில்வியோ பிக்கொலோமினி அடிப்படையில் எழுத்தாளர். 1442இல் கவியாக முடிசூட்டப்பட்டவர். 1444இல் காதல் கதையொன்று எழுதியவர். 1458இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பானார். மறு ஆண்டே, பெர்னார்டோ ரொஸெல்லினோவைக் கொண்டு தம் கிராமத்தைத் திருத்தி எழுத ஆரம்பித்தார். பிறகு ஊரே அவர் பெயரால் பியென்ஸா ஆயிற்று.

சதுக்கம் என்கிறோமே தவிர, அது சதுரமல்ல. ஒருபுறம் பிக்கொலோமினி அரண்மனை, எதிரே பிஷப்பின் மாளிகை. தேவாலயத்தை நெருங்க நெருங்க இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. விலகிய இடத்தில், தேவாலயத்தின் இருபுறமும் ஓர்சியா பள்ளத்தாக்கின் வெளி. செங்கல் தளத்தில் ஓடும் வெளிறிய கற்பட்டைகள் பார்வையை அளந்து நடத்துகின்றன. கட்டடங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமே இங்கு விஷயம்.

அரண்மனை முகப்பில் ஃப்ளாரன்ஸின் ருச்செல்லாய் மாளிகையின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. அதில் புதிதாக அதிகம் இல்லை. பின்புறம் அப்படியல்ல. மூன்று அடுக்குத் திறந்த தாழ்வாரங்கள், கீழே தோட்டம், தொலைவில் அமியாட்டா மலை. முகப்பு போப்பின் அந்தஸ்துக்கு, பின்புறம் கவிக்கு.

1462இல் பயஸ் ஒரு கட்டளை பிறப்பித்தார்: தேவாலயத்தின் வெண்சுவர்களில் யாரும் சித்திரம் தீட்டக்கூடாது, புதிய பீடம் சேர்க்கக்கூடாது, மீறியவர்கள் சபிக்கப்பட்டவர்கள். 1464இல் அவர் இறந்தார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கட்டளையை மதித்தார்கள். மண் மதிக்கவில்லை. வெளிச்சத்துக்காகச் சரிவின் விளிம்புவரை நீட்டப்பட்ட தேவாலயத்தின் பின்பகுதி சீக்கிரமே அமிழத் தொடங்கியது; விரிசல் கண்டது.

இதை உருவத்தின் தோல்வி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த வெளிச்சமும் அந்த விரிசலும் ஒரே தீர்மானத்திலிருந்து பிறந்தவை. சமதளத்தில் பத்திரமாகக் கட்டியிருந்தால் இரண்டுமே இருந்திராது. விரிசல், கலைஞன் தெரிந்தோ தெரியாமலோ கொடுத்த விலை. சாபம் வேறு ஜாதி. அது தனக்குப் பின் வருபவன்மீது கொண்ட பயம். உருவத்தின் பெயரால் நம்மிடையே நடக்கும் வாதங்களில் எது ரொஸெல்லினோவின் துணிவு, எது பயஸின் பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை, நாம் விமர்சனம் செய்யவில்லை, காவல் காக்கிறோம்.