தேசிய அணியின் ஆட்டம் மேலக்கோட்டையூரில் தொடங்கட்டும்

கோவாவின் மட்காவில் 2025 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூருக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டது இந்தியாதான். சாங்தே அடித்த அந்தக் கோலின் பலன் இடைவேளை வரைகூட நிற்கவில்லை. 1-2 என்று தோற்றோம், 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு கைநழுவியது. பயிற்சியாளர் காலித் ஜமீல் பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரைத் திட்டிப் புண்ணியமில்லை.

முன்பு பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் காலத்தில் பந்தைத் தூக்கிப் போட்டு, பின்னாலேயே ஓடினோம். 2019இல் ஸ்டிமாச் வந்தார்; தரையோடு பாஸ் பண்ணச் சொன்னார். அடுத்து மனோலோ மார்க்கேஸ் வந்து ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார். ஆளுக்கொரு பாணி. ஆனால் இருபத்தைந்து வயது ஃபுல்பேக்கின் முதல் டச்சை யாராலும் மாற்ற முடியாது. தேசிய முகாம் என்பது பத்துப் பதினைந்து நாள் சமாசாரம். அதற்குள் ஒரு திட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இந்தியாவுக்கென்று ஒரு பாணி இருந்த காலமும் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம். இரண்டுக்கும் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் அவர் பள்ளி ஆசிரியர். இளம் ஆட்டக்காரர்களுக்காக அவர் நடத்திய போட்டிகள் விசித்திரமானவை. ஒன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்கலாம். இன்னொன்றில் டிரிப்ளிங் கூடாது. பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும். சின்னச் சின்ன பாஸ்களால் ஆடிய அந்த இந்திய அணியின் வேர் ஹைதராபாத் மைதானங்களில் இப்படித்தான் ஊன்றியது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்காரர்தான்.

அதற்குப் பிறகு நம்மிடம் பெருகியவை ஆவணங்கள். 2012இல் டச்சுக்காரர் ராப் பான் ஒரு திட்டம் தந்தார். 2023 ஜனவரியில் 'விஷன் 2047' வெளியானது. நடுவில் 2017இல், சொந்த மண்ணில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. அதற்குச் சில மாதங்களே இருக்கும்போது பயிற்சியாளரை மாற்றினோம். மூன்று ஆட்டமும் தோல்வி, ஜீக்சன் சிங்கின் ஒரே ஒரு கோல்.

பெல்ஜியம் 2000க்குப் பிறகு வேறு வழியில் போனது. சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பெரிய மைதானத்தில் பல பிள்ளைகளுக்குப் பந்தே கிடைக்கவில்லை என்று தெரிந்தது. உடனே இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று ஆட்டத்தைச் சுருக்கினார்கள். குட்டிப் பிள்ளைகளுக்குப் புள்ளிப் பட்டியலே கிடையாது என்றார்கள். 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம்.

நம் பிள்ளைகள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று பார்க்க, சென்னையை ஒட்டிய வண்டலூருக்கு வருவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது மிருகக்காட்சி சாலை. இப்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் சேர்ந்துகொண்டது. ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் சாயங்காலம் ஏதாவது ஒரு டர்ஃபில் போய் நின்று பாருங்கள். பத்து வயதுப் பையனுக்குப் பந்து வருகிறது. அவன் முதுகு எதிரணி கோலைப் பார்த்து நிற்கிறது. தலை குனிந்து பந்தை மட்டும் பார்க்கிறான். அரை உடம்பு திரும்பி வாங்கியிருந்தால் முன்னால் காலியாக நிற்கும் நண்பன் கண்ணில் பட்டிருப்பான். வலைக்கு வெளியிலிருந்து ஒரு அப்பா, "தூக்கி அடிடா!" என்று கத்துகிறார். பையன் தூக்கி அடிக்கிறான். கைதட்டல் வேறு. இந்தியாவின் பாணி அங்கே முடிவாகிவிடுகிறது.

பள்ளிகளிலும் இதே கதைதான். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். எனவே பி.டி. வாத்தியார் உயரமான பையனை முன்னால் நிறுத்தி அவனை நோக்கி அடிக்கச் சொல்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; கோப்பை வந்தால்தான் பள்ளியில் அவருக்கு மரியாதை. சின்ன இடத்தில் பந்தைக் காப்பாற்றும் கலை வட சென்னையின் வியாசர்பாடி மாதிரி இடங்களில் தானாகவே வளர்ந்தது. அங்கிருந்து போன நந்தகுமார்தான் 2023 டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தார். ஆனால் தெரு தருவது தனித்திறமையை மட்டும்தான். அதை அணி ஆட்டமாக்க ஒரு வாத்தியார் வேண்டும்.

அந்த வாத்தியார்கள் உருவாகும் இடம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலேயே இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். தமிழ்நாடு முழுக்க உள்ள உடற்கல்வியியல் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. நாளை எந்த ஊர்ப் பள்ளியில் எந்தப் பிள்ளை பந்தைத் தொட்டாலும், பெரும்பாலும் அவனுக்கு முதலில் சொல்லித்தருபவர் இதன் பாடத்தைப் படித்தவராகத்தான் இருப்பார். மாமல்லபுரத்தின் எஃப்சி மெட்ராஸ் போன்ற அகாடமிகள் நல்ல வேலை செய்கின்றன, ஆனால் அவற்றின் விடுதியில் எத்தனை பேருக்கு இடமிருக்கும்?

பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் இரண்டே கோரிக்கை. கால்பந்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் மாணவர், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸோடுதான் பட்டம் வாங்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோருக்கு நாக்அவுட்டை நிறுத்திவிட்டு, ஏழு பேர் ஆடும் லீக் நடத்துங்கள். தாம்பரம் வட்டாரத்தில் முதலில் தொடங்கிப் பாருங்கள். மைதானம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது.